இடின்னு பேரு வச்சது நான்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. கேமராவ அங்கன வைங்க. பின்னால 'தளவாய் சவுண்ட் சர்வீஸ், தூத்துக்குடி'ங்கற போர்டு தெரியணும். தெரியுதா? சரி. இப்பம் கேளுங்க.

லூர்து குரல் ஏன் மாறிச்சுன்னுதான கேக்கிய? மெட்ராஸ்லேர்ந்து இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, அவன் பாட்டு மூணை வரிசையாப் போட்டுக் காமிச்சு, மொதப் பாட்டுல கத்துதான், ரெண்டாவதுல மிஷின் மாதிரி பாடுதான், மூணாவதுல சும்மா பேசுதான், ஏன்னு கேக்கிய. இதுக்கு எதுக்கும்மா ஒரு படம்? ஒரு வரியில சொல்லிருதேன். மொதப் பாட்டு நான் செஞ்சது. மத்த ரெண்டும் அவனாச் செஞ்சது. முடிஞ்சுது. காப்பி குடிச்சிட்டுக் கெளம்பலாம்.

சிரிக்கிய. நான் நெசமாத்தான் சொல்லுதேன்.

அவன் யாருன்னு நெனச்சிய? மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் கூவிக்கிட்டு இருந்த பய. அவங்கப்பா மரியதாசும் ஏலக்காரருதான். அங்க ஒரு குழாய் ஸ்பீக்கர் ரிப்பேருன்னு கூப்பிட்டு விட்டாங்கன்னு போயிருந்தேன். சாயங்காலம். விசைப்படகெல்லாம் கரைக்கு வந்து மீனக் குமிச்சுப் போட்டிருக்கு. நடுவுல இந்தப் பய நிக்கான், ஒல்லியா, கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. சீலா, பாறை, ஊளின்னு மீன் பேரையும் வெலையையும் மாத்தி மாத்திக் கூவுதான். வாங்க வந்த ஒரு யாவாரி மொட்டத் தலை. அவன் மொட்டையக் கிண்டல் பண்ணி, அந்தக் கிண்டலையும் வெலையோட எதுகை போட்டு, மூச்சே விடாம. மொட்டையனும் சிரிச்சிக்கிட்டே வெலைய ஏத்துதான். நான் ஸ்பீக்கர மறந்துட்டு நின்னேன்.

எனக்கு ராப்புன்னா என்னன்னு அப்பம் தெரியாது. பொய் சொல்லுவானேன். ஆனா சத்தம்னா என்னன்னு தெரியும். கோவில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம்னு அம்புட்டு வருசம் சத்தத்தோட கெடந்தவன். அந்தப் பய தொண்டையில மைக்கே வேண்டாத ஒரு சத்தம் இருந்துச்சு. அதுக்கு மைக்கும் கொடுத்தா என்ன ஆவும்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க தெரு அம்மன் கோவில் கொடையிலதான் மொத மேடை. நாதஸ்வரக்காரரு சாப்பிடப் போன நேரம் பாத்து இவன ஏத்தி விட்டேன். பேசாம மீன் ஏலம் மாதிரியே பாடுல, மீனுக்குப் பதிலா ஊரு கதையப் போடுன்னேன். போட்டான் பாருங்க. கவுன்சிலரு, தண்ணி லாரி, ஒடஞ்ச ரோடு, எல்லாம் ஏலத்துக்குப் போச்சு. பொடியனுவ மேடைய ஒடச்சுப்புடுவானுவளோன்னு ஆயிட்டுது. அன்னைக்கே அவனுக்கு நான் பேரு வச்சேன், 'இடி'ன்னு. லூர்துன்னு பேரு வச்சிக்கிட்டு ராப் பாடினா எவன் வருவான்? எங்க ஏரியாவுல தெருவுக்கு ஒரு லூர்து இருக்கான்.

அதுக்கப்புறம் மதுரை, கோயம்புத்தூர், நாகர்கோவில்னு காலேஜ் காலேஜா ஏறினோம். எம் ஸ்பீக்கர் பொட்டி, எஞ்செட்டு, என் வண்டி. எம்பொண்டாட்டி சண்முகக்கனி சாப்பாட்டத் தூக்கு வாளியில கட்டிக் கொடுப்பா. அவளுக்கு அவன்மேல ஒரு இது. எங்களுக்குப் பிள்ளை கெடையாது. 'எய்யா, எய்யா'ன்னு அவனத்தான் கொஞ்சுவா. அவனும் அவகிட்டதான் கதை பேசுவான். எங்கிட்ட, 'சரி அண்ணாச்சி', 'ஆட்டும் அண்ணாச்சி', அம்புட்டுத்தான். அதுதான மரியாதை?

ஒரு தடவை மட்டும் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டான். 'அண்ணாச்சி, மேடையில எனக்கு எங்குரலே கேக்க மாட்டேங்கு. எம்பக்கம் பாத்து ஒரு பொட்டி வைங்க'ன்னு. மானிட்டர்னு சொல்லுவோம்மா, பாடுதவன் குரல் பாடுதவனுக்கே கேக்கதுக்கு வைக்கிறது. நான் சொன்னேன், 'ஏல, உங்குரல நீயே கேட்டு என்ன செய்யப் போற? ஊரு கேக்கட்டும். இருக்கது அம்புட்டுப் பொட்டியும் ஊரப் பாத்து'ன்னு. சரி அண்ணாச்சின்னான். தன் குரல் தனக்குக் கேக்கலேன்னா மனுசன் என்ன செய்வான்? இன்னும் சத்தமாக் கத்துவான். எனக்கு அதுதான வேணும்! அந்த மொதப் பாட்டுல அப்படி ஒரு வெறி இருக்குன்னு சொன்னியள்ளா? அந்த வெறி எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சிய? நான் வைக்காத பொட்டியிலேர்ந்து வந்துச்சு. இதெல்லாம் தொழில் ரகசியம். எழுதிக்கிடுங்க.

போவப் போவ காலையில எந்திரிச்சா குரல் வரலங்கான். வந்தாலும் தகரத்தத் தார் ரோட்டுல இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. நல்லாத்தான் இருந்துச்சு! கூட்டத்துக்கு அதுதான் புடிச்சுது. சண்முகக்கனிதான் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி வச்சுக் கொடுத்துக்கிட்டு, 'பிள்ளைய விடுங்க, தொண்ட கிழிஞ்சிரும்'பா. பொம்பளைக்குத் தொழிலப் பத்தி என்ன தெரியும்? நீங்க தப்பா எடுத்துக்கிடாதிய, உங்களச் சொல்லல.

அவ பேச்சக் கேட்டுக்கிட்டு எனக்குத் தெரியாம டாக்டருகிட்ட போயிருக்கான். அவரு உள்ளாற குழாய விட்டுப் பாத்துட்டு, குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு, ரெண்டு மாசத்துக்கு வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாராம். முடிச்சாம். எனக்கு முழங்காலு, இடுப்பு, எல்லாத்துலயும் முடிச்சுத்தான் இருக்கு. நான் பொட்டி தூக்காமலா இருக்கேன்?

ரெண்டு மாசம் ஊமையாத் திரிஞ்சான் மூதி. எது கேட்டாலும் போன்ல எழுதிக் காமிப்பான். அந்த ரெண்டு மாசம் முடியப் போறப்ப கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ் விழா. டாக்டரப் பாக்கதுக்கு முன்னாலயே நான் வாக்கு கொடுத்துட்டேன். போஸ்டர் ஒட்டியாச்சு. 'இடி வருது'ன்னு. போன்ல எழுதிக் காமிக்கான், 'முடியாது அண்ணாச்சி'ன்னு. நான் சொன்னேன், 'மேடையில ஏறுல, தன்னால வரும். சாமியாடுதவன் டாக்டரக் கேட்டுட்டா ஆடுதான்?' வந்தான். வராம எங்க போவான்?

சாயங்காலம் அஞ்சரை இருக்கும். கூட்டம் கொள்ளல. நான் சத்தத்தக் கூட்டிக் கொறைக்க மிக்ஸர்ல நிக்கேன். பாட்டு தொடங்கிச்சு. வாயத் தொறந்தான். காத்து வந்துச்சும்மா. வெறுங்காத்து. சைக்கிள் டியூப்ல முள்ளு குத்தின மாதிரி. பயலுவ ஊளை போட ஆரம்பிச்சுட்டானுவ. தண்ணிப் பாட்டில எறியுதானுவ. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

அப்பம் அவன் ஒரு காரியம் செஞ்சான். தாளத்த நிப்பாட்டச் சொல்லிக் கையக் காமிச்சான். மைக்க உதட்டோட ஒட்டி வச்சிக்கிட்டு, அதே பாட்ட, அதே வரிய, பேச ஆரம்பிச்சான். ஒவ்வொரு வார்த்தையா. பக்கத்துல இருக்கவன்கிட்ட வீட்டு விசயம் சொல்லுத மாதிரி. ஒரு வார்த்த சொல்லுவான், நிப்பாட்டுவான், மூச்சு விடுவான், அந்த மூச்சும் மைக்குல விழும். முன்வரிசையில ஊளை நின்னுச்சு. அப்புறம் நடுவுல நின்னுச்சு. அப்புறம் பின்னால மரத்துல ஏறி நின்னவனும் வாய மூடிட்டான். அவ்வளவு பெரிய மைதானத்துல ஒரு பய அசையல.

கூட்டம் அமைதியாயிட்டா என்ன அர்த்தம்? செத்துப் போச்சுன்னு அர்த்தம். இத்தன வருசத் தொழில்ல எனக்குத் தெரியாதா? கத்தணும், விசிலடிக்கணும், அப்பதான் உசுரு. இப்படிச் சாவு வீடு மாதிரி நிக்கானுவளேன்னு, நான் படக்குனு அவன் மைக்க இறக்கிட்டு, அவனோட பழைய பாட்டு ரெக்கார்டு இருந்துச்சுல்லா, அதப் போட்டு விட்டேன். முழுச் சத்தத்துல. இடி மாதிரி விழுந்துச்சு. பொடியனுவ குதிக்க ஆரம்பிச்சுட்டானுவ. மானத்தக் காப்பாத்திட்டேன்.

அவனுக்குக் கொஞ்ச நேரம் புரியல. வாய் அசைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. பழைய குரல் கத்துது, இவன் வாய் வேற எதையோ சொல்லுது. அப்புறம் நிப்பாட்டினான். மிக்ஸர் பக்கம் திரும்பிப் பாத்தான். மைக்க மெதுவாக் கீழ வச்சான், பச்சப் பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி. எறங்கினான். நேரா நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான். என் வண்டி அங்கனதான் நிக்கு, அதுல ஏறல.

நன்றி உண்டாம்மா? அன்னைக்கு நான் மட்டும் அப்படிச் செய்யலேன்னா அவன் பேரு நாறியிருக்கும். மறுநாளே மெட்ராசுக்கு ரயிலேறிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்த கெடையாது. சண்முகக்கனிகிட்ட மட்டும் வந்து கால்ல விழுந்துட்டுப் போனானாம்.

மெட்ராஸ்ல என்ன செஞ்சான்? உங்க ரெண்டாவது பாட்டு. எவனோ ஒரு ஸ்டூடியோக்காரன் கையில மாட்டி, குரல மிஷின்ல போட்டு அரைச்சு எடுத்தானுவ. வெண்ணெய் தடவின மாதிரி வழுக்குது. அதுல லூர்தும் இல்ல, இடியும் இல்ல. சினிமாவுல கூட வந்துச்சு அந்தக் குரல், கதாநாயகன் காருல போறப்ப. யாரு வேணும்னாலும் பாடியிருக்கலாம். கரண்டுக் கம்பத்தக் கூடப் பாட வச்சிரலாம் அந்த மிஷின்ல. தொண்டையில சரக்கு இல்லாதவனுக்குச் செஞ்ச ஊன்றுகோல் அது. இந்தக் கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில அத ஓயாமப் போடுவான். ஒரு நா போயி அணைச்சுட்டே வந்துட்டேன்.

அப்புறம் ரெண்டு மூணு வருசம் ஆளக் காணும். ஒழிஞ்சான்னு நெனச்சேன். பாத்தா, மூணாவது அவதாரம். இடிங்கற பேரையும் தூக்கிப் போட்டுட்டு வெறும் 'லூர்து'ன்னு ஒரு ஆல்பம். ஊரு ஒலகமெல்லாம் ஆகா ஓகோங்கு. என்ன செய்யுதான் அதுல? பேசுதான். ராத்திரி பொண்டாட்டி முழிச்சிரப்படாதுன்னு பேசுத மாதிரி. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல உப்பு லாரி ஒண்ணு திரும்பிப் போவலாம், அம்புட்டு இடம். அடக்கிப் பாடுதான்னு ஒருத்தன் எழுதுதான். பக்குவம் வந்துட்டுன்னு ஒருத்தன். இருக்கவன்லா அடக்கணும்? இல்லாதவன் எதை அடக்குதான்?

நானும் அந்தப் பாட்டப் போட்டுப் பாத்தேன். என்ன சொல்லுதான்னே வெளங்கல. சத்தத்தக் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்தாச்சு. 'முணுமுணு, முணுமுணு', அம்புட்டுத்தான். இப்பம் எல்லாம் அப்படித்தான் ஆயிட்டும்மா. டிவியில செய்தி வாசிக்கவனும் முணுமுணுக்கான். சண்முகக்கனி அடுப்படியிலேர்ந்து முன்னெல்லாம் எப்படிக் கூப்பிடுவா, இப்பம் அவளும் வாய்க்குள்ளயே பேசுதா. கேட்டா எரிஞ்சு விழுதா. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்காமலேயே பின்னால வந்து நிக்கான். காலம் கெட்டுப் போச்சு, சத்தமாப் பேச எவனுக்கும் தெம்பு இல்ல. நீங்க கூட அப்பப்பம் அப்படித்தான் பேசுதிய. வாயப் பாத்துத்தான் நான் புடிக்கேன்.

அவதான், சண்முகக்கனி, அந்தப் பாட்ட எனக்குச் சொல்லிக் காமிச்சா. எம்மூஞ்சிக்கு நேரா நின்னு, பிள்ளைக்குப் பாடம் நடத்துத மாதிரி: 'ரெண்டு மாசம் வாயக் கட்டினேன். எங்கம்மா இவ்வளவு பேசுவாளான்னு அப்பதான் தெரிஞ்சுது.' இது பாட்டாம். இது வீட்டுல நடக்க சங்கதிம்மா! இதுல எதுகை எங்க, வேகம் எங்க? அவன் ஏலம் கூவினப்ப ஒரு மூச்சுல சொன்னத இப்பம் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கிடுவான். அவகிட்டயும் அதச் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. இல்ல, சொல்லியிருப்பா, முணுமுணுன்னு.

அந்தச் சமயத்துலதான் இங்க அவன் கச்சேரி வச்சாங்க. போன மாசம். கடற்கரை ரோட்டுக்குப் பக்கத்துத் திடல்ல. மெட்ராஸ் கம்பெனி செட்டு வருதுன்னு பேச்சு. வரட்டும், எனக்கென்னன்னு இருந்தேன். திடீர்னு விழாக்காரங்க வந்து நிக்காங்க: 'தளவாய் அண்ணாச்சி செட்டு இருந்தாத்தான் பாடுவேன்னு லூர்து சொல்லிட்டாரு.' பாத்தியளா! எம்பொட்டி இல்லாம அவனால முடியாது. அதான் விசயம். எத்தன வருசம் ஓடினாலும் ஆரம்பிச்ச எடத்துக்குத்தான வரணும்.

ஒரே ஒரு கோரிக்கை எழுதி அனுப்பியிருந்தான். 'ரெண்டு பொட்டி எம்பக்கம் பாத்து வேணும் அண்ணாச்சி.' சிரிச்சேன். இன்னும் அந்த ஆசை போவல பயலுக்கு. போனாப் போவுதுன்னு வச்சேன்.

நாலரைக்கெல்லாம் கூட்டம் வந்துட்டு. எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சும்மா, மறைக்காமச் சொல்லுதேன். இவன் சொந்த ஊருல, அந்த ஏலக்காரங்க முன்னால முணுமுணுன்னு பேசி, அவங்க எந்திரிச்சுப் போவணும். நான் அதக் கண்ணாரப் பாக்கணும். ஏலக்காரங்க வந்திருந்தாங்க. அவங்கப்பா கூட வேலை செஞ்சவங்க, வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு மொத வரிசையில. சண்முகக்கனியும் வந்து எம்பக்கத்துல மிக்ஸர்கிட்ட உக்காந்துட்டா. அவன்கூட மெட்ராஸ்லேர்ந்து வந்த சவுண்ட் என்ஜினியர் ஒருத்தரு, அவரும் பக்கத்துல.

லூர்து வந்தான். ஒடம்பு போட்டிருக்கான். முன்னெல்லாம் மேடையில குரங்கு மாதிரி ஓடுவான், இப்பம் ஒரு எடத்துல நிக்கான். ஆரம்பிச்சான். எனக்கு ஒண்ணுமே கேக்கல. சரி, பயலுக்கு இங்கயும் குரல் வரல, நாமதான் தூக்கி விடணும்னு சத்தத்தக் கூட்டினேன். என்ஜினியரு என்னப் பாத்துச் சிரிச்சிட்டு இறக்கி வச்சாரு. நான் கூட்டினேன். அவரு இறக்கினாரு. மேடையிலேர்ந்து லூர்தும் கையக் கீழ் பாத்து அமுக்கிக் காமிக்கான், 'போதும் அண்ணாச்சி, போதும் அண்ணாச்சி'ன்னு. நான் சும்மா கூட்டத்தப் பாத்தேன்.

அசையலம்மா. கோவில்பட்டி மாதிரியே. அந்த ஏலக்காரக் கெழவன் ஒருத்தரு கைய நெஞ்சுல வச்சிக்கிட்டு வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்காரு. இடுப்புல பிள்ளைய வச்சிருந்த ஒருத்தி அதோட வாயப் பொத்துதா, அழுதுறப்படாதேன்னு. இதுக்குப் பேரு மரியாதையா? எல்லாம் விளம்பரம் பாத்து வந்த கூட்டம். அமைதியா இருக்கணும்னு எவனோ சொல்லிக் கொடுத்திருப்பான். முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு கையத் தட்டினானுவ. அதுதான் எனக்குக் கேட்டுச்சு.

முடிச்சிட்டு மேடையவிட்டு எறங்கி நேரா எங்கிட்டதான் வந்தான். செல்பி எடுக்க எத்தன பேரு மறிக்கானுவ, எல்லாரையும் விலக்கிட்டு. எங்கைய ரெண்டு கையாலயும் புடிச்சான். பின்னால ஜெனரேட்டர் ஓடுது. பேச ஆரம்பிச்சான். எம்மூஞ்சியப் பாத்துக்கூடப் பேசல, தலையக் குனிஞ்சிக்கிட்டுப் பேசுதான், வாயும் தெரியல. ரொம்ப நேரம். அவன் எங்கிட்ட அவ்வளவு பேசி நான் பாத்ததே கெடையாது. நடுவுல ஒரு எடத்துல கண்ணத் தொடச்சான். ஒரு எடத்துல சிரிச்சான். நான் தலைய ஆட்டினேன். 'சரிடே, சரிடே'ன்னேன். 'அதெல்லாம் விடுல'ன்னேன். பெரிய மனுசன் வேற என்ன சொல்ல முடியும்? அவன் சட்டுனு நிமிந்து என்னயப் பாத்தான், எங்கைய விட்டான். சண்முகக்கனி காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

பாத்தா இவ அழுதுக்கிட்டு நிக்கா.

வீட்டுக்கு வந்து, 'எதுக்குட்டி அழுத, அப்படி என்ன சொல்லிட்டான்'னு கேட்டேன். எம்மூஞ்சிக்கு நேரா வந்து நின்னா. பெறவு நல்லாச் சத்தமா, எனக்குக் கேக்குத மாதிரி, 'உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சுத்தான் அந்தப் பிள்ளை அம்புட்டையும் சொன்னான்'னா. சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கா.

கேக்காம என்ன? கேட்டுச்சு. மன்னிப்புதான் கேட்டான். சொல்லாமக் கொள்ளாம ஓடிப் போனதுக்கு. வேற என்ன இருக்கு அவனுக்கு எங்கிட்ட சொல்லதுக்கு?

கேமரா ஓடுதுல்லா? அத அப்படியே படத்துல போடுங்கம்மா. தளவாய் அண்ணாச்சி கையப் புடிச்சு லூர்து மன்னிப்பு கேட்டான்னு. அண்ணாச்சியும் பெருந்தன்மையா மன்னிச்சுட்டாருன்னு.